மாமனாரை ஊதச் சொன்ன மெக்கானிக்

ஒரு பழைய கார் உங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கிறது. நாற்பத்தைந்து மைல் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் ஒரு நிலையில் நிற்பதில்லை, வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது என்கிறார் காருக்குச் சொந்தக்காரர். நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? டயரில் காற்று என்று உங்களில் ஒருவர் சொல்வார். முன்சக்கரம் திரும்பும் கிங்பின் தேய்ந்திருக்கும் என்று இன்னொருவர் சொல்வார். பாகலூர் ரோட்டில் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் சக்கரத்துக்குச் சக்கரம் கண்ணாடி மாட்டி, எந்தக் கோணம் எவ்வளவு கோணல் என்று திரையில் காட்டும் மெஷினே இருக்கிறது. நானும் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் போனேன்.

நான் டயரோடும் கிங்பின்னோடும் நிற்கவில்லை. ஓட்டி வந்தவரின் வாயை முகர்ந்து பார்த்தேன். அவர் என் மாமனார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேனேஜர் கேட்டபோது, நான் சரிசெய்த வண்டிகளைப் பற்றி எழுதுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவை நிறைய உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் இந்த ஒரு கார்தான் குறுக்கே வந்து நிற்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. அதனால் இதையே எழுதித் தொலைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அன்றைய ஓசூரில் பேக்டரியும் கிடையாது, மேம்பாலமும் கிடையாது. பெங்களூர் ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் ஒரு வண்டி போனால் எதிர்வண்டி மண்ணில் இறங்கிக்கொள்ளும் அளவுக்குத் தார். அந்த ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் நான் மெக்கானிக். எனக்கு மேலே மேஸ்திரி. அவர் தளிப் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். நான் ஊத்தங்கரையிலிருந்து பிழைக்க வந்தவன்.

ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். எங்கள் பக்கம் அப்போது சேலம் ஜில்லா, மதுவிலக்கு கடுமையாக இருந்தது. ஆனால் கூப்பிடு தூரத்தில் மைசூர் ராஜ்யத்து எல்லை. அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் கடை உண்டு. அதனால் பெங்களூரிலிருந்து வரும் எந்த ஆளாக இருந்தாலும், எல்லையில் நிற்கும் போலீஸ்காரர் மூஞ்சிக்கு நேரே வந்து "ஊது" என்பார். ஊதிக் காட்டிவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டும். எங்கள் ஊரில் ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமானால் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. "எங்க, கொஞ்சம் ஊது பாக்கலாம்" என்றாலே போதும்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பெயர் கமலா. அவளுடைய அப்பா சின்னசாமி கிருஷ்ணகிரியில் ஒரு இரும்புக் கடை முதலாளியிடம் டிரைவர். உலகச் சண்டைக்காலத்தில் லாரி ஓட்டப் பழகி, அதற்குப் பிறகு வேறு தொழிலே பார்க்காதவர். அதிகம் பேசமாட்டார். என்னைவிட அவ்வளவு மூத்தவர், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். மாப்பிள்ளை மெக்கானிக் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

முதலாளியின் கார் சண்டைக்கு முந்தின இங்கிலீஷ் கார். வாரம் ஒருமுறை அதில் பெங்களூர் போய் வருவார்கள். அந்தக் காரோடு ஒருநாள் காலை இரண்டு பேரும் கிருஷ்ணகிரியிலிருந்து நேராக எங்கள் பட்டறைக்கு வந்தார்கள். முதலாளி இறங்கும்போதே குரலை உயர்த்திக்கொண்டு இறங்கினார்.

"ஏம்ப்பா மெக்கானிக்கு, உங்க மாமனார் ஓட்டற அழக நீயே கேளு. பெங்களூர் போறப்ப வண்டி தொட்டில் கணக்கா போவுது. நான் தூங்கிக்கிட்டே போறேன். திரும்பி வர்றப்ப மட்டும் இப்பிடி ஆடுது, அப்பிடி ஆடுது. போறப்ப ஆடாத வண்டி வர்றப்ப மட்டும் ஏன் ஆடுது? நீயே சொல்லு."

பட்டறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. சொல்லாமல் விட்டதும் புரிந்தது. ஒருவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். போகும்போது தெளிவாக ஓட்டுகிறவர், அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும்போது மட்டும் அலைகிறார் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மாமா என்னைப் பார்த்து, "மாப்ளே, பின்னாலருந்து யாரோ தள்ற மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று வெட்டிவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வண்டியில் என்ன கோளாறு என்று ஓட்டுகிறவரின் உடம்புக்குத் தெரியும். அதை வாயால் சொல்லத் தெரியாமல் தடுமாறுவார், அவ்வளவுதான். எனக்கு அது அப்போதும் தெரியும். வேறு யார் வந்திருந்தாலும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டிருப்பேன். இவர் என் மாமனார் என்பதால், தப்பைப் பூசி மெழுகப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார். விடு என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்வார். "பிடு, பிடு. சொந்தக்காரங்க சமாச்சாரம். இந்த வண்டிய நான் பாக்கறேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. மாமனார் வண்டி என்றதும் பயந்து நழுவிவிட்டான் என்று நாலு பேர் சொல்வார்களே என்று எனக்கு வீம்பு. நானே பார்த்தேன். ஒருதலைப்பட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று முன்பக்கம் முழுவதையும் பார்த்தேன். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து பார்த்தேன், டயர்களை இடம் மாற்றிப் போட்டேன். பிறகு சூளகிரிப் பக்கம் ஐம்பது மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி நூல் பிடித்தது போலப் போனது.

நான் அன்று பார்த்தது வண்டியின் பாதியைத்தான். ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் கோளாறு ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதைவிட மோசம், வண்டியைக் காலியாக ஓட்டினேன். வரும்போது மட்டும் ஆடுகிறது என்று முதலாளியே தன் வாயால் சொல்லியிருந்தார். போவதற்கும் வருவதற்கும் வண்டியில் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மனிதனில் என்ன வித்தியாசம் என்று முதலாளி யோசித்தார். நானும் அவரோடு சேர்ந்து அதையே யோசித்தேன்.

திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். "வண்டியில ஒண்ணும் இல்லீங்க."

முதலாளி மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா. போய்க் கார் கதவைத் திறந்து முதலாளிக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து திரும்பும் வழியில், சாயங்கால வேளையில் கார் பட்டறை முன்னால் வந்து நின்றது. முதலாளி பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பணக்கார மிடுக்கு என்று நினைத்துக்கொண்டேன். இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இன்னிக்கும் அதே ஆட்டம்தான். எல்லையில போலீஸ்காரன் இவர விட்டுட்டான். வாயில கிராம்பு மணக்குது. கிராம்பு எதுக்குப் போடுவாங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனாரை மாப்பிள்ளை காப்பாற்றுவானா மாட்டானா என்று பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் நேர்மையானவன் என்று காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி. கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"மாமா, ஊதுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். குனிந்து என் முகத்துக்கு நேரே ஊதினார், போலீஸ்காரருக்கு ஊதுவது போலவே, ஒழுங்காக. கிராம்பு மணந்தது. வேறு எதுவும் இல்லை.

"பல்லு வலி மாப்ளே. ரெண்டு வாரமா" என்றார்.

சாராய வாடை இல்லை என்று நான் சொல்லவில்லை. முதலாளியைப் பார்த்துத் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். அவருக்கு வேண்டியதை அவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது சொல்கிறேன் கேளுங்கள். மாமா குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோது, அந்தக் கார் என் முழங்காலுக்குப் பக்கத்தில் பின்புறம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. டிக்கி நிறைய ஆணி மூட்டை. பின் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்திலும் ஆணி மூட்டை. லாரிக் கூலியை மிச்சம் பிடிக்க முதலாளி வாராவாரம் காரிலேயே ஏற்றிக்கொண்டு வருவார். கால் வைக்க இடமில்லாமல்தான் சம்மணம் போட்டிருந்தார். வண்டிக் கோளாறு எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் விரித்து வைத்தாற்போல் இருந்தது. நான் ஒரு மனிதனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மருமகனே ஊதச் சொன்னான் என்ற பேச்சு அந்தக் காரைவிட வேகமாக ஊர் போய்ச் சேர்ந்தது. கிருஷ்ணகிரியில் எந்த முதலாளியும் அவரை எடுக்கவில்லை. குடிக்கிற டிரைவரிடம் குடும்பத்தை யார் ஏற்றி அனுப்புவார்கள்?

கமலாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அன்று நான் வீட்டுக்குப் போனபோது வாசலை மறித்து நின்றாள்.

"எங்கப்பாவ ஊதச் சொன்னீங்களா?"

"முதலாளி எதிர்ல வேற என்ன..."

"ஊதுங்க" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்து நகரப் பார்த்தேன். அவள் நகரவில்லை. "ஊதுங்க. நீங்களும் ரோட்டு மேலதான வேல பாக்கறீங்க. எனக்கு எப்பிடித் தெரியும்?" பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊதினேன். அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வழியை விட்டு உள்ளே போய்ச் சோறு போட்டாள்.

முதலாளிக்கு உடனே வேறு டிரைவர் கிடைக்கவில்லை. பெங்களூரில் சரக்கு காத்திருந்தது. மேஸ்திரியிடம் ஆள் கேட்டார், மேஸ்திரி என்னை அனுப்பினார். வேண்டுமென்றே அனுப்பினாரா என்று நான் கேட்டதில்லை.

போகும்போது தொட்டில்தான். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பெங்களூரில் கடைக்காரர்கள் மூட்டைகளை ஏற்றினார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் கார் ஒரு முனகல் முனகிக் கீழே இறங்கியது. அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. முதலாளி சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கிளம்பினோம்.

ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் கையில் ஏதோ வித்தியாசம். நான் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை, வண்டி திரும்பியது. சரிசெய்தேன், மறுபக்கம் போனது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோது ஒரு பக்கம் இழுத்தது, காலைத் தளர்த்தியபோது இன்னொரு பக்கம். முன்சக்கரம் என் கையில் அசையாமல்தான் இருந்தது. வண்டியின் பின்பாதி தன் இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல.

மாமா முடிக்காமல் விட்ட வாக்கியம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

பின்னாலிருந்து முதலாளியின் குரலும் கேட்டது. "என்னப்பா, நீயும் ஒரு வாய் போட்டுட்டு வந்தியா?"

எல்லையில் போலீஸ்காரர் என்னை இறக்கினார். ஊது என்றார். ஊதினேன். ஊதும்போது கண் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எதிரே நிற்பவனின் சட்டைப் பொத்தானைத்தான் பார்க்க முடிகிறது. மாமா அன்று என் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்திருப்பார்.

ஓசூரில் பட்டறை முன்னால் நிறுத்துகிறேன் என்றேன். நேரமாகிவிட்டது, கடையில் ஆள் காத்திருக்கிறது, போ என்றார் முதலாளி. போனேன். அதுவும் என் புத்திகெட்டதனம். ஆடுகிற வண்டியைத் தெரிந்தே ஓட்டிக்கொண்டு போனேன்.

ஓசூருக்கு அப்பால் பேரண்டப்பள்ளி இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடித்தது. எதிரே மேடேறி ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் காரின் பின்பக்கம் ரோட்டின் நடுவை நோக்கி நழுவியது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி உடம்பு கத்துகிறது. மிதித்திருந்தால் அந்தச் சுமை அத்தனையும் எங்களைத் திருப்பிப் பஸ்ஸின் முகத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கும். காலை மெதுவாக எடுத்தேன். ஸ்டியரிங்கை வெட்டவில்லை, இறுக்கவில்லை, இடதுபக்கம் கொஞ்சமாகக் காட்டிவிட்டு வண்டி தானே நிதானிக்கட்டும் என்று விட்டேன். பஸ் டிரைவர் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்தடியில் நின்றோம்.

அங்கே எனக்கு ஒன்று விளங்கியது. இந்த வண்டியை மாமா வாராவாரம் இந்த இறக்கத்தில் இறக்கியிருக்கிறார். முதலாளி தலையில் ஒரு கீறல் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். குடித்தவன் கையால் முடிகிற காரியமா அது?

இறங்கிப் பழக்கத்தில் முன்சக்கரத்திடம் போனேன். ஒன்றுமில்லை. பிறகு பின்னால் போனேன். வலது பின்சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே கையை நுழைத்தேன், முஷ்டி தாராளமாகப் போனது. இடது பக்கம் இரண்டு விரல்தான் போனது. பின் அச்சு ஒரு பக்கம் நழுவிக் கோணலாக நின்றது. கீழே படுத்துப் பார்த்தேன். வண்டியைத் தாங்கும் வில்லுப் பட்டைகளை ஒன்றாகக் கோத்து அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது சென்டர் போல்ட். இடது பட்டையில் அது உடைந்திருந்தது. பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டும் தளர்ந்திருந்தது. வண்டி காலியாக இருக்கும்போது அச்சு எப்படியோ இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆணி மூட்டை ஏறிப் பட்டை அமுங்கினால் நழுவும். மாட்டு வண்டியில் அச்சு கோணிக்கொண்டால் மாட்டை எவ்வளவு நேராகப் பிடித்து என்ன பயன்? அதேதான்.

முதலாளி, "மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்பா, கிருஷ்ணகிரியில பாத்துக்கலாம்" என்றார்.

சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். "போக முடியாதுங்க" என்றேன். அவர் கத்தினார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி மரத்தடியில் அடுக்கினேன். அவர் அதன் மேலேயே உட்கார்ந்தார். எதிரே வந்த லாரியில் ஏறி ஓசூர் போய், புதுப் போல்ட்டோடு மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். மேஸ்திரி உடைந்த போல்ட்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜாக்கியை எடுத்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் முதலாளி, "சரி, சின்னசாமிய நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு" என்றார், இரவல் கொடுத்த பேனாவைத் திரும்ப வாங்குவது போல.

எனக்குக் கோபம் வந்தது. "ஊர் முன்னால குடிகாரன்னு பேர் வாங்கிக் கொடுத்தீங்க. நீங்களே வீட்டுக்கு வந்து கூப்பிடுங்க" என்றேன்.

அவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். "நான் சந்தேகந்தாம்ப்பா பட்டேன். வண்டியில ஒண்ணுமில்லன்னு சொன்னது நீ. ஊதச் சொன்னதும் நீ."

குனிந்து மூட்டைகளை மறுபடி காரில் ஏற்ற ஆரம்பித்தேன்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. எந்தச் சுமையோடு வண்டி ஆடுகிறதோ அந்தச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். முன்னால் தெரியும் கோளாறுக்குப் பின்னாலும் போய்ப் பாருங்கள். ஓட்டி வந்தவர் பேச ஆரம்பித்தால் முடிக்கவிடுங்கள். இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று உண்டு. ஒரு வண்டியைத் தொடும்போது நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குள் ஓடினால், அந்த வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அதில் ஒரு மானக்கேடும் இல்லை. எனக்கு நேர்ந்த மானக்கேடு கொடுக்காததால் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கமலாவும் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி போனோம். தெருமுனையிலேயே மாமாவைப் பார்த்துவிட்டோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அரிசி மூட்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க மாப்ளே."

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "பஞ்சரா மாமா?" என்று கேட்டேன். இரண்டு டயரிலும் காற்று நன்றாகவே இருந்தது.

"இல்லீங்க மாப்ளே. இப்பல்லாம் ஏறறதில்ல" என்றார்.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி மூட்டை, போல்ட், இறக்கம், பஸ் எல்லாம். உடைந்த போல்ட்டைக் கொண்டு போயிருந்தேன், அதை அவர் கையில் கொடுத்தேன். "தப்பு என் மேலதான் மாமா. வண்டியில கோளாறு இருந்துச்சு. நான் பாக்கல. உங்கள ஊர் முன்னால..."

அவர் ஊதச் சொன்னதைப் பற்றித்தான் பேசுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன். அவர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வண்டிதான் ஆடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"நெசமா?"

"நானே ஓட்டிப் பாத்தேன் மாமா."

அவர் போல்ட்டைக் கீழே வைத்தார். பிறகு கமலாவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். "வண்டி நல்லாத்தான் இருக்குன்னு மாப்ள சொல்லிட்டாரேம்மா. அவரு படிச்சுத் தெரிஞ்ச மெக்கானிக்கு. அப்ப என் கையிலதான் என்னமோ கோளாறு, வயசாச்சு, கை போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். ரோட்டுல புள்ளைங்க ஓடுது. எதுக்கு வம்புன்னு சைக்கிள்கூட ஏறாம விட்டுட்டேன்."

குடிகாரன் என்று ஊர் சொன்னதை அவர் நம்பவில்லை, அது பொய் என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னதை நம்பியிருக்கிறார். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த தன் கையை நம்பாமல், என் வார்த்தையை நம்பியிருக்கிறார். கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதலாளி வேலைக்கு வரச் சொன்னதைச் சொன்னேன், அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க ஒரு தடவ பக்கத்துல உக்காருங்க மாப்ளே, நான் ஓட்டிப் பாக்கறேன். சரியில்லன்னா சொல்லிடுங்க" என்றார். மறுபடியும் என்னிடமே தீர்ப்புக் கேட்டார். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து அதே ஆணி மூட்டைகளோடு வந்தோம். முதலாளி பின்னால் சம்மணம் போட்டிருந்தார். எல்லையில் மாமா இறங்கி ஊதிவிட்டு வந்தார். ஓசூர் தாண்டியது. பேரண்டப்பள்ளி இறக்கத்தில் வண்டி ஐம்பது மைலைத் தொட்டது. ஆடவில்லை. கோடு போட்டது போல இறங்கியது.

இறக்கம் முடிந்து ரோடு சமமானதும், மாமா இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். விரல்களை விரித்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, நடுங்குகிறதா என்று பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், திருடும்போது பிடிபட்டவர் போலச் சட்டென்று கையை இறக்கிக்கொண்டார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கிருஷ்ணகிரி வரும்வரை திருப்பவில்லை.